அங்கன்வாடியில் இன்னும் ஒருவர்

உங்கள் ஊரிலும் ஓர் அங்கன்வாடி இருக்கும். "பால்வாடி" என்றே பலர் இன்னும் அதைச் சொல்கின்றனர். ஒரு நாள் முற்பகலில் அந்தப் பக்கம் போனால் சற்று நின்று பாருங்கள். உள்ளே இருபது குழந்தைகள் இருப்பார்கள். உதவியாளர் அடுப்படியில் இருப்பார். பணியாளரோ, வாசலில் நிற்கும் தாயிடமிருந்து கைக்குழந்தையை வாங்கி எடை போட்டுக்கொண்டிருப்பார். அடுத்துச் சத்துமாவுப் பொட்டலம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். விவரங்களைக் கைபேசியில் பதிய வேண்டும். தடுப்பூசி நாள் என்றால் செவிலியருக்கு உதவ வேண்டும். இவ்வளவுக்கும் இடையில் அந்த இருபது குழந்தைகளுக்கும் பாட்டும் கதையும் எண்ணும் சொல்லித் தர வேண்டியவரும் அவர்தாம்.

கற்பிப்பதற்கென்று அவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? அந்த நேரத்தைக் கூட்டினால் என்ன நடக்கும்? இதை வெறும் பேச்சாக விடாமல் நம் தமிழ்நாட்டிலேயே சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். சோதனைக்குள் நுழையுமுன் சற்றுப் பின்னால் சென்று வருவோம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று இந்தியாவில் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு உணவு பற்றியும் நலம் பற்றியும் அறிவுரை, பள்ளி முன்பருவக் கல்வி என ஆறு பணிகள் அதற்கு வகுக்கப்பட்டன. பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது. ஆகவே உணவுக்கு முதலிடம் கிடைத்தது நியாயமே. 1982 ஜூலை 1 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் கிராமத்துப் பள்ளிக் குழந்தைகளோடு 2 முதல் 5 வயது வரையிலான சிறுவரையும் சேர்த்துக்கொண்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. உலகில் இவ்வகைத் திட்டங்களுள் இதுவே மிகப் பெரியது. ஆனால் எடைக் கணக்குக்கும் உணவுக் கணக்குக்கும் பதிவேடு உண்டு. மேலதிகாரி வந்தால் கேட்பதும் அவற்றைத்தான். இன்று எத்தனை கதை சொன்னீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத வேலை பின்னுக்குப் போவது எந்த அலுவலகத்திலும் உள்ள வழக்கம்.

சட்டமும் இந்த வயதினரைச் சற்றுத் தள்ளியே வைத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்தால் 6 முதல் 14 வயது வரையிலான கல்வி அடிப்படை உரிமையாயிற்று. ஆறு வயதுக்கு உட்பட்டவர்க்கோ, கல்வி தர அரசு முயல வேண்டும் என்று மட்டுமே எழுதப்பட்டது. உரிமை வேறு, முயற்சி வேறு அல்லவா!

ஐந்து வயதுக்குள் என்ன பாடம்?

"அந்த வயதில் விளையாடட்டும், பிறகு படிக்கட்டும்" என்பார் பலர். அவர்கள் சொல்வதில் பாதி சரி. பிறந்த குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடை இருக்கும். வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம். இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் ஐந்தாறு ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது. இப்பருவத்தில் நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் தேவைக்கு மேல் ஏராளமாகத் தோன்றுகின்றன. பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்படாதவை நாளடைவில் கழிந்துவிடுகின்றன. நடக்க நடக்கத்தானே ஒற்றையடிப் பாதை துலங்குகிறது, அதுபோல. ஆனால் ஆறு வயதோடு கதவு சாத்தப்படுகிறது என்று எண்ணிவிட வேண்டாம். மூளை அதன் பின்னரும் கற்கும், உழைப்புதான் கூடுதலாகும்.

பாடம் என்றதும் சிலேட்டில் "அ, ஆ" எழுத வைப்பதை நினைக்கிறோம். குழந்தை பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக இறுகப் பல ஆண்டுகள் ஆகும். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து வரி வரியாக எழுதச் சொல்வது அந்தக் கைக்கு ஏற்ற வேலையன்று. களிமண் உருட்டுவதும் மணி கோப்பதும் ஏற்றவை.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாழே காட்டிய ஒரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தை பார்த்திருக்கும்போதே ஒன்றை மட்டும் ஒடுக்கமான உயரக் குவளைக்கு மாற்றுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால், பெரும்பாலும் உயரக் குவளையைத்தான் காட்டும். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது அதற்கு இன்னும் புலப்படவில்லை. நீரை அளைந்தும், ஊற்றியும், மறுபடி ஊற்றியுமே அது அந்த அறிவை அடைகிறது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, என் பாடத்தின் முதல் அத்தியாயம் அங்கன்வாடியின் தண்ணீர்த் தொட்டியில்தான் தொடங்குகிறது என்று தோன்றுவதுண்டு. ஆனால் அந்தத் தொட்டியருகே உட்கார்ந்து, "இப்போது எது அதிகம்?" என்று கேட்க ஒருவர் வேண்டும்.

சீட்டுக் குலுக்கிய சோதனை

ஊசலின் அலைவு நேரம் எதைச் சார்ந்தது என்று அறியப் பள்ளியில் என்ன செய்தீர்கள்? குண்டை மாற்றாமல் நூலின் நீளத்தை மட்டும் மாற்றினீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைப்பதே சோதனையின் உயிர். அங்கன்வாடிகளை எப்படி அப்படியே வைப்பது? ஓர் ஊரில் பெற்றோர் படித்தவர்கள், இன்னோர் ஊரில் பணியாளர் கெட்டிக்காரர். நல்ல மையங்களாகப் பார்த்து ஆள் சேர்த்தால், வந்த பலன் ஆளாலா ஊராலா என்று தெரியாமல் போகும்.

இதற்குக் குலுக்கல் முறைதான் வழி. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கானிமியன், கிறிஸ்டபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டனர். குலுக்கலில் வந்த பாதி மையங்களில் மட்டும் அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். குழந்தைகளுக்குக் கற்பிப்பது மட்டுமே அவர் வேலை. மற்றப் பாதியில் எல்லாம் பழையபடியே நடந்தன. எண்ணிக்கை பெரிதாக இருப்பதால், படித்த ஊரும் படிக்காத ஊரும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகவே விழும். மிஞ்சும் வேறுபாடு அந்த ஒரு ஆளால் வந்தது.

முடிவுகள் 2021-இல் வெளியாயின. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. பதினெட்டு மாதங்களுக்குப் பின், மையத்தில் தொடர்ந்து இருந்த குழந்தைகளின் தேர்ச்சி கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்கம் உயர்ந்திருந்தது. இந்த எண்கள் என்ன சொல்கின்றன? நூறு குழந்தைகளைத் தேர்ச்சி வரிசையில் கடைசியிலிருந்து நிறுத்துவதாகக் கொள்வோம். நடுவில் 50-ஆம் இடத்தில் நின்ற குழந்தை, கணக்கில் ஏறத்தாழ 61-ஆம் இடத்துக்கும் மொழியில் ஏறத்தாழ 68-ஆம் இடத்துக்கும் முன்னேறும். இடையில் வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டவர்களையும் சேர்த்து வீடு வீடாகச் சோதித்தபோது பயன் இதைவிடக் குறைவாகவே இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்ல ஆராய்ச்சி.

யாரும் பெரிதாக எதிர்பாராத இன்னொரு முடிவும் வந்தது. கூடுதல் ஆள் கல்விக்காகத்தானே வந்தார்? ஆனால் அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் கடுமையான ஊட்டக்குறைவும் குறைந்திருந்தன. கற்பிக்கும் சுமை குறைந்ததால், பழைய பணியாளர் எடைக்கும் உணவுக்கும் தாய்மாருக்கும் கூடுதல் நேரம் தர முடிந்தது.

இத்தகைய பயன் நிலைக்குமா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து யிப்சிலாண்டி என்னும் ஊரில் 1962-இல் தொடங்கிய பெரி பாலர் பள்ளி ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளில் 58 பேருக்குப் பாலர் கல்வி கிடைத்தது. அறிவுத்திறன் தேர்வில் அவர்கள் பெற்ற முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. ஆயினும் நாற்பது வயதில் பார்த்தபோது, பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் நல்ல வருவாய் உள்ளவர்களும் அவர்களிடையே அதிகம். காவல்துறையிடம் சிக்கியவர்கள் குறைவு. மதிப்பெண்ணில் தெரியாதது வாழ்க்கையில் தெரிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு, நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொண்டு நடத்தப்பட்டது என்பதை மறக்கலாகாது.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019-இல் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. 2022-இல் அவற்றை நிறுத்துவதாக அறிவிப்பு வந்து, பெற்றோரும் பிறரும் எதிர்த்ததால் தொடர்ந்தன. ஒன்றிய அரசு 2023-இல், ஊட்டத்தோடு கல்வியும் என்ற திட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. மூன்று முதல் ஆறு வயதினருக்கு நாள்தோறும் குறைந்தது இரண்டு மணி நேரம் கற்பிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2024-இல் வாரவாரியான பாடத்திட்டமும் வந்தது.

பயிற்சியும் பாடத்திட்டமும் நல்லவையே. ஆனால் 640 மையங்களின் சோதனையில் முதலில் மாற்றியது பாடத்திட்டத்தை அன்று, ஆட்களின் எண்ணிக்கையை. தடுப்பூசி நாளன்று அந்த இரண்டு மணி நேரத்தைத் தனி ஒருவர் எங்கிருந்து எடுப்பார் என்பதை, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பணியிடங்களின் எண்ணிக்கை சொல்லும்.