எழுத்து மாறாமல் ஊர் சேருமா?

குற்றாலத்தின் அருவிகளை நீங்கள் அறிவீர்கள். அருகிலுள்ள மத்தளம்பாறை என்னும் சிற்றூரைக் கேள்விப்பட்டதுண்டா? சோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் அங்கே இருக்கிறது. தென்காசிப் பகுதியில் 2011-இல் சிறிய அளவில் தன் பணியைத் தொடங்கிய இந்நிறுவனம், கடிதம், கணக்கு, அறிக்கை போன்ற அலுவலக ஆவணங்களைப் பலர் இணையத்தின் வழியே பகிர்ந்து திருத்த உதவும் மென்பொருள்களை உருவாக்குகிறது. இத்தகைய மென்பொருளுக்குள் நடப்பது என்ன? சற்று ஆராய்வோம்.

தபாலில் அனுப்பிய கடிதத்தில் ‘த’ என்ற எழுத்து வழியில் வேறொன்றாக மாறிவிடாது. கணிப்பொறிக் கடிதத்தில் மாறக்கூடும். ஏன்? கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது மனிதர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளுக்கும் அரைப்புள்ளிக்கும் உரிய எண்களே கோப்பில் பதிவாகும். பாமினி இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகளே தோன்றும்! இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே ஒருங்குறி. 1991-இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. உலகின் எந்த மூலையிலும் ‘அ’வின் எண் 2949, ‘க’வின் எண் 2965. தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது.

அப்படியானால், பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண்ணை இட்டால் போதுமா? போதாது. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். பழைய எழுத்துருவில் கொம்பு, க, கால் என்ற வரிசையில் மூன்று எண்கள் இருக்கும். ஒருங்குறியில் முதலில் ‘க’, பிறகு ஒகரக் குறி, இரண்டே எண்கள். வரிசையையும் மாற்றத் தெரியாத மென்பொருள் எழுத்தைச் சிதைத்துவிடும்.

எழுத்து மட்டுமே ஆவணம் ஆகாது. அட்டவணை, படம், தலைப்பின் அளவு எல்லாம் உண்டு. ஒரு சிறு சோதனை செய்யுங்கள். டாக்எக்ஸ் கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்து, பெயரின் புள்ளிக்குப் பின் உள்ளதை ஜிப் என மாற்றித் திறந்து பாருங்கள். வாசகம் ஒரு கோப்பிலும், வடிவமைப்பு இன்னொன்றிலும், படங்கள் தனி உறையிலும் இருக்கும். பி.டி.எஃப். கோப்போ பக்கத்தில் எந்த இடத்தில் எந்த வடிவம் என்பதையே முக்கியமாகக் குறித்து வைக்கிறது. ஆகவே தோற்றம் எங்கும் மாறாது. ஆனால் அதைத் திரும்பத் திருத்தும் கோப்பாக்கினால் அட்டவணைகள் குலைவதுண்டு.

இனி, பகிர்வுக்கு வருவோம். கோப்பை நால்வருக்கு அனுப்பினால் நான்கு பிரதிகள் ஆகிவிடும். எது சரியானது? சர்வர் என்னும் பொதுக் கணிப்பொறியில் ஒரே பிரதியை வைப்பது இதற்காகவே. சர்வர் சென்னையில் இருப்பதாகக் கொள்வோம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தென்காசியிலிருந்து 600 கிலோமீட்டர் என்றால் 3 மில்லிநொடி! பொதிகை விரைவு ரயிலுக்கோ ஓர் இரவு வேண்டும்.

அந்த 3 மில்லிநொடியிலும் சிக்கல் உண்டு. நீங்கள் 5-ஆம் சொல்லை அழிக்கும் அதே கணத்தில் சென்னை நண்பர் 2-ஆம் இடத்தில் புதுச்சொல் ஒன்றைச் சேர்க்கிறார். உங்கள் 5-ஆம் சொல் இப்போது 6-ஆவதாகிவிட்டது. இதைக் கணக்கிடாவிட்டால் தவறான சொல் அழிந்துபோகும். இதற்கு ஒரு தீர்வை எல்லிஸ், கிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்டனர்.

ஊராட்சித் தீர்மானமும் மதிப்பெண் பட்டியலும் எழுதியவர் ஓய்வு பெற்ற பின்னும் படிக்கப்பட வேண்டியவை அல்லவா? உங்கள் பள்ளியில் பழைய எழுத்துருக் கோப்புகள் இருந்தால் ஆசிரியரின் அனுமதியுடன் ஒருங்குறிக்கு மாற்றிப் பாருங்கள். மூலக்கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதை அச்சுப் பிரதியுடன் வரிவரியாக ஒப்பிடுங்கள்; கொ, கோ, கௌ வரும் இடங்களில் கூடுதல் கவனம் வையுங்கள்.