கிள்ளி மடித்த மலர்



கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் வடக்கே சென்று பாண்டிருப்பைக் கடந்தால் மருதமுனை. கைத்தறிச் சாறனுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். நெய்த துணியை அளவாக வெட்டித் தைக்கும் இடங்களில் விரலளவும் கையளவுமாகத் துண்டுகள் மிஞ்சுகின்றன. அத்துண்டுகளைக் கொண்டு, யப்பானியர் செய்வது போன்ற தலையணிப் பூக்களைச் செய்தல் கூடுமா என்று சில மாதங்களாகப் பரீட்சித்து வந்தேன். கண்டதைக் கூறுகின்றேன்.

யப்பானியப் பெண்டிர் கூந்தலிற் செருகும் அணிக்குக் கன்சாஷி என்று பெயர். துணிப்பூ அமைந்ததைச் சுமாமி கன்சாஷி என்பர். சுமாமி என்னும் சொல்லுக்குக் கிள்ளுதல் என்பது பொருள். எடோக் காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில், வளர்ந்த கைத்தொழில் இது. கியோத்தோ நகரில் ஆடலும் பாடலும் பயிலும் மைக்கோ என்னும் இளம்பெண்கள் மாதத்துக்கு ஒரு பூவாக மாற்றிச் சூடுவர்; ஏப்ரலில் செர்ரிப் பூ, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. மூன்று, ஏழு வயதுச் சிறுமியருக்கென நவம்பர் 15ஐ ஒட்டி நடைபெறும் விழாவிலும் இவ்வணி விளங்கும்.

இதன் இரகசியம் முழுவதும் ஒரு சிறு சதுரத் துணியில் அடங்கியுள்ளது. தையலே கிடையாது. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதனைப் பாதியாகவும், மீண்டும் பாதியாகவும் மடித்தால் வாள்முனை போன்ற கூரிய இதழ். இது ஒரு வகை. மற்றதற்கு, முக்கோணத்தின் இரு பக்க மூலைகளையும் உச்சிக்குக் கொணர்ந்து, பின் அவற்றைப் புறத்தே திருப்பிக் கிள்ளிப் பிடித்தல் வேண்டும். உருண்ட இதழ் பிறக்கும். தட்டார் கையாளும் சாவணம் போன்ற குறடு ஒன்றே கருவி. பலகையில் அரிசிப் பசையைப் பரப்பி, மடித்த இதழ்களை அதன்மேல் வரிசையாக நிறுத்துவர். அடிப்புறம் பசையை உறிஞ்சியபின் ஒவ்வொன்றாக எடுத்து வட்ட அட்டையில் அடுக்குவர்.

யப்பானியர் கையாள்வது மென்பட்டு. நான் எடுத்ததோ பருத்திச் சாறன் துண்டு. ஓரங்குலச் சதுரமாக வெட்டி மடித்தேன். குறட்டை விட்டதும் இதழ் விரிந்துவிட்டது. நூல் பிரிந்து ஓரம் தாடிபோல் தொங்கிற்று. பருத்தி பட்டாகாது என்று கைவிட எண்ணிய வேளையில், பாவுநூலுக்குக் கஞ்சியிடும் நம் நெசவாளர் வழக்கம் நினைவுக்கு வந்தது. துணிக்கும் அவ்வாறே கஞ்சியிட்டு, உலர்த்தி, அழுத்தியபின் வெட்டினேன். சதுரத்தை இரண்டங்குலமாக்கினேன். இப்போது மடிப்பு நின்றது. பூ மட்டும் பெரிதாயிற்று. யப்பானியப் பூவின் நொய்ம்மை அதில் இல்லை. ஆயினும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. சாறனின் கோடு இதழின்மேற் சாய்ந்து விழுந்து, இலை நரம்புபோற் காட்சியளித்தது. வெறும் நிறப்பட்டில் இவ்வழகு வராது.

பசைதான் பெருந்தொல்லை. குழைய வேகவைத்த சோற்றை மசித்துச் செய்த பசை கோடையில் நன்றாகவே உலர்ந்தது. வாடைக்காற்றும் மாரிமழையும் தொடங்கியதும் இரண்டு நாளாகியும் காயாமல் பூஞ்சணம் பூத்தது, எறும்பும் வந்தது. புத்தகம் கட்டுவோர் பசையில் துருசு கலப்பதுண்டு. அது நஞ்சாதலின் பிள்ளைகள் தலையில் சூடும் பொருளுக்கு ஆகாது. ஆகவே மாரியில் கடையில் விற்கும் துணிப்பசையையே பயன்படுத்துகின்றேன். மரபு பிழைத்ததென்பார் கூறட்டும். கடற்கரையூரின் ஈரத்தை அவர்கள் அறியார்.

இனி, பணக் கணக்கு. எட்டிதழ்ப் பூ ஒன்றுக்கு, கஞ்சியிடுதலும் உலர்த்துதலும் நீங்கலாக, எனக்கு ஒரு மணி நேரம் சென்றது. கைப்பழகினால் பாதியாகக் குறையலாம். இயந்திரத்தில் அச்சிட்டு வெட்டிய செயற்கை நூற் பூக்கள் கடையில் மலிவாகக் கிடைக்கையில், அவற்றோடு விலையிற் போட்டியிடுதல் வீண். துண்டு இனாமாகக் கிடைக்கலாம். ஒரு பெண்ணின் ஒரு மணி நேரம் இனாமன்று. வீட்டிலிருந்து செய்யும் வேலைதானே என்று கூலியைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கம் நீடிப்பின் இப்பூவை எவருக்கும் கற்பிக்காதிருத்தலே நன்று. திருமண வீட்டாரும் பெருநாட் புத்தாடை வாங்குவோரும், சேலையை நெய்த அதே துணியில் அதற்கு இணையான பூவும் வேண்டுமென்று கேட்டால், உரிய விலை கிடைக்கும். அத்தகைய பூவை வேறு எந்தக் கடையாலும் தரவியலாது. தறி ஓடும்வரைதான் அத்துணி.

சென்ற பெருநாளன்று என் மருமகளுக்கு ஒரு பூ கொடுத்தேன். மூன்றாம் முயற்சியிற் செய்தது. ஓரிதழ் சற்றுக் கோணல். அவளுடைய மூத்தம்மா இளமையில் தறியில் இருந்தவர். பூவைக் கழற்றி வாங்கி, புறத்தே திருப்பி, இதழின் மடிப்பை நகத்தால் சிறிது விலக்கிப் பார்த்தார்.

"இது நம்மட சாறன் கரையெல்லோ, மகள்?" என்றார்.

பிறகு அந்தக் கோணல் இதழையும் சுட்டிக்காட்டினார்.