மண் மறக்காத குழிகள்

தோண்டிய குழியை மூடலாம்; இல்லாமல் ஆக்க முடியாது. அடிமண்ணும் மேல்மண்ணும் கலந்துதான் திரும்ப உள்ளே போகும். கூடவே சாம்பல், எலும்பு, மக்கிய மரம். நாலாயிரம் ஆண்டு கழிந்தாலும் அந்த இடம் சுற்றியுள்ள மண்ணின் நிறத்துக்குத் திரும்பாது. தெற்கு இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பூமியில், உழவு மண்ணை வழித்தெடுத்தால் போதும்: என்றோ வீட்டுக் கம்பம் நட்ட இடம் கரிய வட்டமாகவும், எல்லைக்கு வெட்டிய பள்ளம் கரிய கோடாகவும் தெரியும்.

வயல்களில் குடியிருப்புகள் எழும் முன் அங்கே சோதனைக் குழிகள் வெட்டுவது மண்ணின் இந்தக் குணத்தை நம்பித்தான். குழி என்றாலும் உருவத்தில் அது நீண்ட வாய்க்கால். பெரும்பாலும் 30 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். ஒரு ஹெக்டேரில் இப்படி ஐந்து வெட்டினால் நிலத்தில் 3 சதவீதம் திறந்துவிடும். வெட்டுவது பொக்லைன். ஆனால் அதன் வாளியில் பற்கள் இருக்காது. பல் பட்டால் அடையாளங்கள் கீறிப்போகும். தொல்லியலாளர் கூடவே நடந்து, நிறம் மாறும் கணத்தில் கை காட்டி நிறுத்துவார். பிறகு கரண்டி வேலை. கரிய வட்டத்தில் பாதியை மட்டும் எடுப்பார்கள். நிற்கிற மறுபாதியின் வெட்டுமுகத்தில், குழி எப்படி நிரம்பியது என்பது அடுக்கடுக்காகத் தெரியும்.

1989இல் லண்டனில் அலுவலகக் கட்டடம் எழவிருந்த மனையில் பழைய ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டு, அதைக் காக்கப் பெரும் போராட்டம் நடந்தது. மறு ஆண்டே அரசு வழிகாட்டுதல் வந்தது: அனுமதி தரும் முன்பே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், செலவு கட்டுபவருடையது. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இப்படிக் கட்டுமானத்தை முந்திச் செல்லும் அகழாய்வுகள் தந்தவை அற்புதமானவை. 2002 மே மாதம், ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்து ஊரான ஏம்ஸ்பரியில், வீடுகளும் பள்ளியும் வரவிருந்த நிலத்தில் ஒரு கல்லறை கிடைத்தது. கி.மு. 2300 அளவில் வாழ்ந்த மனிதர். அருகே அம்பு முனைகள், மூன்று செப்புக் கத்திகள், பிரிட்டனில் கிடைத்தவற்றிலேயே மிகப் பழைய தங்க அணிகள். பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகிறது. அன்று குடித்த நீரின் ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவு அதில் அப்படியே தங்கிவிடும். அதை அளந்தபோது, அவர் வளர்ந்தது ஆல்ப்ஸ் மலைப்பக்கமாக இருக்கலாம் என்று தெரிந்தது. கடல் தாண்டி வந்தவர்!

தனிக் கல்லறை ஆள் நீளம்தான். நூற்றுக்கு மூன்று பங்கு மட்டும் திறக்கும்போது, நெடிய பள்ளங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு சோதனைக் குழியில் குறுக்கிட்டுவிடும். கல்லறைகளோ இரண்டு குழிகளுக்கு நடுவே எளிதாகத் தப்பிவிடும். வீடு எழுந்தபின் அவற்றைத் தேட வழியில்லை. செலவைக் காரணம் காட்டி இந்தச் சதவீதத்தைக் குறைக்கக் கூடாது, கூட்டத்தான் வேண்டும்.