சித்திரப் படமும் சிறுவர் உரையாடலும்

எழுதிய சித்திரங்கள் எழுந்து நடந்து பேசக் காண்பது சிறுவர்க்குப் பேரின்பமாம். வினாடி ஒன்றுக்கு 24 படங்கள் கண்முன் ஓடுதலின், அசையாத ஓவியம் உயிர்பெற்று அசைவதுபோல் தோன்றுகின்றது. கண்வழிப் புகுந்த கதை பிஞ்சு உள்ளத்தில் எளிதிற் பதிவது. ஆகவே, வேதாகம வரலாறொன்று இவ்வகைப் படமாய் வருங்கால், கிறிஸ்தவப் பெற்றோருள் சிலர் பிள்ளைகளைப் படத்தின் முன் இருத்திவிட்டுத் தம் அலுவலை நோக்கிச் செல்கின்றனர்; வேறு சிலர் அஞ்சி அதனை அறவே விலக்குகின்றனர். இருதிறத்தாரும் ஒன்றை மறந்தனர். படத்தினும், படம் முடிந்தபின் நிகழும் உரையாடலே பிள்ளையின் விசுவாசத்திற்கு உரமாவது. அவ்வுரையாடல் எங்ஙனம் அமைதல் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

அமெரிக்காவின் டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘எகிப்தின் இளவரசன்’ என்னும் சித்திரப் படம் மோசேயின் வரலாற்றைக் கூறுவது. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய அறிஞர்களைக் கலந்தே அதனை ஆக்கினர். எனினும், கலையின் பொருட்டுச் சில மாறுதல்கள் செய்யப்பட்டன என்றும், மூல வரலாறு யாத்திராகமத்தில் உளது என்றும் படத்தின் தொடக்கத்திலேயே அறிவித்தனர். அவ்வறிவிப்பைப் படித்துணரும் பருவம் எய்தாத சிறுவர்க்குப் பெற்றோரே அதனை எடுத்துரைத்தல் கடனாம்.

சொற்கள் புணருங்கால் நேரும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பர் இலக்கண நூலார். வேதவரலாறு திரைக்கதையோடு புணருமிடத்தும் இம்மூன்றும் நிகழ்கின்றன. இவற்றுள் எளியதாகிய கெடுதலை முதற்கண் காண்பாம்.

யாத்திராகமத்தில் மோசேக்கு வாயாக நின்று பேசுபவன் ஆரோன். படத்திலோ அவனுக்கு அவ்வூழியம் இல்லை. 32-ஆம் அதிகாரத்தில் அவன் செய்த பொற்கன்றுக்குட்டியின் செய்தியும் இல்லை. கற்பலகைகளோடு மோசே மலையினின்று இறங்குவதோடு படம் முடிகின்றது. “மலையடியில் அவன் எதைக் கண்டான்?” என்று ஒரு வினாவை விடுத்தாற் போதும், பிள்ளை தானே வேதத்தைத் திறக்கும்.

இனித் தோன்றல். மோசேயும், பின்னர்ப் பார்வோனாகிய ராமசேசும் உடன்பிறந்தார்போல் வளர்ந்தனர் என்பதும், எகிப்தின் தலைப்பிள்ளைகள் மாண்ட இரவில் மோசே கதறி அழுதான் என்பதும் யாத்திராகமத்தில் இல்லாதன. ஆயினும், துன்மார்க்கன் சாவதைத் தாம் விரும்புவதில்லை என்று கர்த்தர் கூறுவதை எசேக்கியேல் 33:11-இற் காண்கின்றோம். அவ்வுள்ளத்திற்கு அக்கண்ணீர் முரணாகாது. ஈண்டுப் பிள்ளை, “ஒன்றும் அறியாத குழந்தைகள் ஏன் சாகவேண்டும்?” என்று கேட்டல் கூடும். “அப்படிக் கேட்கலாகாது” என்று வாயடைத்தல் பெரும் பிழையாம். அடைக்கப்பட்ட வினா அழிவதில்லை. உள்ளே நின்று கசப்பாய் வளரும். எபிரெய ஆண்குழந்தைகளை நதியில் எறியுமாறு பிறந்த கட்டளையையும், பார்வோன் பன்முறை எச்சரிக்கப்பட்டதையும் காட்டுக. அதன்பின்னும் எஞ்சுகின்ற துயரத்தைத் துயரம் என்றே பெற்றோரும் ஒப்புக்கொள்க.

மூன்றாவதாகிய திரிதலே மிகவும் கருதற்பாலது. அடிமையை அடித்த எகிப்தியனை மோசே தடுக்கப் பாய, அவன் உயரத்தினின்று தவறி வீழ்ந்து மாண்டான் என்று படம் காட்டும். யாத்திராகமம் 2:12-ஓ, மோசே அங்கும் இங்கும் பார்த்து, ஒருவரும் இல்லை என்று அறிந்து, அவனைக் கொன்று மணலிற் புதைத்தான் என்று கூறும். படத்து மோசே விபத்தில் அகப்பட்டவன். வேதத்து மோசே குற்றத்தை மறைத்தவன். இவ்வேறுபாடு சிறிதன்று. மறைவாய்த் தவறு செய்து இரவில் உறங்காது கிடக்கும் சிறுவனுக்கு, குற்றமற்ற வீரனைத் தேவன் அழைத்தார் என்பதால் யாது ஆறுதல்? கொன்று ஒளிந்தவனையும் முட்செடியின் நடுவினின்று பெயர்சொல்லி அழைத்தார் என்பதன்றோ அவனுக்கு நற்செய்தி!

உரையாடும் முறையும் அறியத்தக்கது. பெற்றோர் உடனிருந்து காண்க. இடையிடையே நிறுத்திப் போதியாதொழிக. முடிந்தபின், “நீ யாருக்காக இரங்கினாய்?” என்று முதலிற் கேட்க. “பார்வோனுக்காக” என்று பிள்ளை விடைகூறின் கடிந்துகொள்ளற்க, இரக்கம் பாவமன்று. பின்னர் உரிய பகுதியை உடன் படித்து, “படமும் வேதமும் எங்கே வேறுபட்டன?” என்று பிள்ளையையே தேடச் செய்க.

வேதத்தைத் தழுவாத படங்கட்கும் இது பொருந்தும். டிஸ்னி நிறுவனத்தார் 1940-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பினோக்கியோ’வில், பொய் கூறும் மரப்பாவையின் மூக்கு நீள்கின்றது. “மூக்கு நீளாவிடின் பொய் கூறலாமோ?” என்று கேட்டுப் பாருங்கள். வழிதவறிய பாவையைத் தேடிப் புறப்பட்ட கிழவனை, லூக்கா 15-ஆம் அதிகாரத்துத் தந்தையோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஓவியர் தீட்டியது ஒன்றரை மணிநேரக் காட்சி. அதனைக் கண்ட பிள்ளையின் வினாக்களோ பல்லாண்டு தொடர்வன. அவற்றை வீட்டில் அஞ்சாது கேட்கலாம் என்று கண்ட பிள்ளை, வளர்ந்தபின்னும் விடைதேடி வேதத்தை நாடும்.