மணிக்கட்டில் ஒரு மருத்துவக் குறிப்பு

உடற்பருமன் குறைக்கும் அறுவை மருத்துவம் முடிந்தவரின் வயிற்றில் எஞ்சுவன, அரை அங்குல அளவிலான நான்கைந்து தழும்புகளே. நாளடைவில் அவையும் மங்கும், உடலும் மெலியும். காண்பவர்க்கு அவர் எல்லாரையும் போன்ற ஒருவர். உள்ளேயோ செரிமானப் பாதையே மாறியிருக்கிறது. இவ்வறுவையின் வகைகளுள் ஒன்றான மாற்றுவழி (பைபாஸ்) அறுவையில், ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் இரைப்பையின் மேல்முனை, ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரிக்கப்படுகிறது. சிறுகுடலை அறுத்து, அதன் கீழ்ப்பகுதியை மேலே கொணர்ந்து, அப்பையோடு இணைக்கின்றனர். அமெரிக்க அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் 1966இல் தொடங்கிய முறையின் வளர்ந்த வடிவம் இது.

அறுவை அரங்குகளுக்கு வேண்டிய கட்டுத்துணியை நெய்து அனுப்பும் சத்திரப்பட்டி, இராசபாளையத்தின் அருகில்தான் உள்ளது. ஆயினும் இவ்வறுவைக்காக இப்பகுதியினர் பெரும்பாலும் மதுரைக்கோ கோவைக்கோ சென்னைக்கோ சென்று மீள வேண்டியுள்ளது. அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரிலிருந்து மதுரையே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அவ்வூரின் ஆடிப்பூரத் தேரோட்ட நெரிசலில் அத்தகைய ஒருவர் மயங்கி விழுந்தால், 108 ஊர்தியில் வருவோர் அவர் வயிற்றின் வரலாற்றை எங்ஙனம் அறிவர்?

அறியாமல் செய்யும் நல்லுதவியே தீங்காவதும் உண்டு. மூக்கின் வழியே குழாயைக் குருட்டாம்போக்கில் செலுத்தினால், அது சிறு பையையோ தையலிட்ட இணைப்பையோ துளைத்துவிடக்கூடும். நம் ஊர்களில் வலி என்றதும் கைபோவது டைக்ளோஃபெனாக் ஊசிக்கே. அவ்வகை மருந்துகள் இணைப்புப் பகுதியில் புண்ணையும் குருதிக்கசிவையும் உண்டாக்கவல்லவை. பலநாள் வாந்தியால் நலிந்தவருக்குத் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்தைக் கொடாமல் குளுக்கோசு ஏற்றினால் மூளை கேடுறலாம். அறுவை முடிந்து பல்லாண்டு சென்றபின்னும், குடலிடை இடுக்கில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்வதுண்டு. விட்டுவிட்டு வரும் அவ்வலியைச் செரியாமை என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது உயிருக்கே இடராகும்.

திருவில்லிபுத்தூர் என்றதும் நினைவில் எழும் பால்கோவாவும் இங்குப் பேசத்தக்கதே. முறைப்படி இரைப்பையில் தங்கி மெல்லமெல்ல இறங்க வேண்டிய இனிப்பு, இவர்கள் உடலில் நேரே சிறுகுடலுள் பாய்கிறது. அதன் செறிவு குருதியிலுள்ள நீரைக் குடலுக்குள் ஈர்க்கிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, வயிறு பிசைகிறது. சிலர்க்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, மிகையாய்ச் சுரந்த இன்சுலின் குருதிச் சர்க்கரையைத் தாழ்த்த, பேச்சுக் குழறி நினைவு தடுமாறும். அந்நிலையில் தெருவில் தள்ளாடுபவரைக் குடித்தவர் என ஒதுக்கிவிட்டுச் செல்வது எத்துணைக் கொடுமை!

கருவுற்ற பெண்டிர் அனைவர்க்கும் 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குருதியை ஆய்வது தமிழ்நாட்டின் நடைமுறை. பிறர்க்கு அது நற்காவல். மாற்றுவழி அறுவை கண்ட பெண்ணுக்கோ அந்த ஒரு குவளையே மேற்சொன்ன துன்பத்தைத் தரும். விரல்நுனிக் குருதியைச் சில நாள் அளந்து பார்ப்பதே அவர்க்குத் தக்க மாற்று.

இத்தகைய இடர்களுக்கு, மருத்துவக் குறிப்பைத் தாங்கும் அணியால் விடை கண்டது கலிபோர்னியாவின் டர்லாக்கு நகரத்து மருத்துவர் குடும்பம். 1953இல் விரலில் வெட்டுண்ட பதினான்கு அகவைச் சிறுமி இலிண்டா காலின்சு, இசிவுநோய் எதிர்மருந்தின் ஒவ்வாமையால் இறப்பின் விளிம்புவரை சென்று மீண்டாள். அவ்வொவ்வாமையை வெள்ளிக் காப்பில் பொறித்து அவள் கையில் அணிவித்தார் தந்தை மேரியன் காலின்சு. அம்முயற்சி 1956இல் மெடிக்அலர்ட் என்னும் அறக்கட்டளையாக விரிந்தது.

உடல் மெலிய அறுவை செய்துகொண்டதை ஊரறியச் சொல்ல நாணுவோர் நம்மிடையே பலர். அந்நாணத்தை நான் மதிக்கிறேன். அணியின் எழுத்து உட்புறமாக இருக்கலாம், சட்டையின்கீழ்க் கழுத்துச் சங்கிலியில் தொங்கலாம். ஆனால் மருத்துவர் தேடும் இடம் மணிக்கட்டும் கழுத்துமே ஆதலால், பணப்பையில் வைத்த சீட்டு அதற்கு ஈடாகாது. அறுவையின் வகையும் ஆண்டும், ‘மூக்குக்குழாயைக் குருட்டாம்போக்கில் செலுத்தற்க’, ‘டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் வேண்டா’, ‘குருதிச் சர்க்கரை பார்க்க’ என்பனவும், உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் அடங்கும். தமிழோடு ஆங்கிலத்திலும் பொறிப்பது நன்று. எடை குறையக் குறைய மணிக்கட்டும் மெலியும். ஆகவே, இறுகிய வளையலினும், கண்ணி கழற்றிச் சுருக்கத்தக்க சங்கிலியே இவர்களுக்கு ஏற்றது.