கண்ணாடியிலிருந்து குதித்த எதிரி

குழந்தைகளே, உங்கள் நிழலோடு நீங்கள் சண்டை போட்டதுண்டா? மாலை வெயிலில் சுவரில் விழும் நிழலைப் பார்த்துக் கையை ஓங்கினால், அதுவும் ஓங்கும். காலைத் தூக்கினால், அதுவும் தூக்கும். இந்தச் சண்டையில் யார் ஜெயிப்பது?

இதே கேள்வியை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு கேட்டது. அது 1989-ல் அமெரிக்காவில் வெளியான 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'. பாரசீக இளவரசன் என்று பொருள். இன்றைய ஈரான் நாட்டின் பழைய பெயர்தான் பாரசீகம். இந்த விளையாட்டை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர். அதில் வரும் நிழல் மனிதனை இன்றுவரை யாரும் மறக்கவில்லை. ஆனால், அந்த நிழல் மனிதன் எப்படிப் பிறந்தான் தெரியுமா? கம்ப்யூட்டரில் இடம் இல்லாமல் போனதால் பிறந்தான்!

ஒரு மணி நேரக் கதை

சுல்தான் போருக்குப் போயிருக்கும் நேரம். ஜாஃபர் என்ற கெட்ட மந்திரி அரண்மனையைக் கைப்பற்றுகிறான். இளவரசியைக் கோபுரத்தில் அடைக்கிறான். "என்னைத் திருமணம் செய்துகொள், இல்லையேல் உயிரை விடு" என்று மிரட்டி, யோசிக்க ஒரே ஒரு மணி நேரம் தருகிறான். மணல் கடிகாரத்தில் மணல் இறங்கத் தொடங்குகிறது. அவளைக் காப்பாற்ற வேண்டிய இளைஞனோ அரண்மனைக்கு அடியில், பாதாளச் சிறையில் கிடக்கிறான்.

விளையாடுபவர் அந்த இளைஞனை ஓட வைத்து, தாண்ட வைத்து, சுவர் விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏற வைத்து மேலே கொண்டு போக வேண்டும். இப்படி மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டுகளுக்கு 'பிளாட்ஃபார்ம்' விளையாட்டு என்று பெயர். வழியெங்கும் ஆபத்து. தரையிலிருந்து ஈட்டி முனைகள் கிளம்பும். காலை வைத்ததும் கல் பெயர்ந்து விழும். கடிகாரத்துக்கு இரக்கமே கிடையாது. உண்மையிலேயே 60 நிமிடங்கள் முடிந்தால் ஆட்டம் முடிந்தது!

தம்பி ஓடினான், இளவரசனும் ஓடினான்

அந்தக் காலத்து விளையாட்டுகளில் மனிதர்கள் பொம்மை போல வெடுக் வெடுக்கென்று நகர்வார்கள். நம் இளவரசனோ நிஜ மனிதனைப் போல ஓடினான். ஓடி வந்து நின்றால், இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். இது எப்படிச் சாத்தியமாயிற்று?

1985-ல் மெக்னருக்கு வயது 21. தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடை அணியச் சொல்லி, வண்டி நிறுத்தும் ஒரு திடலில் ஓட விட்டார். தாண்ட விட்டார். அதை வீடியோவில் பதிவு செய்தார். பிறகு டி.வி.யில் அந்தப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் கேமராவால் புகைப்படம் எடுத்தார். புகைப்படங்களில் தம்பியின் உருவம் பளிச்சென்று தெரிவதற்காக, கறுப்பு மார்க்கர் பேனாவாலும் வெள்ளைத் திருத்த மையாலும் ஓரங்களைத் தீட்டினார். அப்புறம்தான் அவற்றைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார்.

நிஜ அசைவைப் படம் பிடித்து, அதன் மேல் வரையும் இந்த முறைக்கு 'ரோட்டோஸ்கோப்' என்று பெயர். கார்ட்டூன் படங்களுக்காக மேக்ஸ் ஃபிளெய்ஷர் என்பவர் கண்டுபிடித்தது. அதற்கு 1917-ல் காப்புரிமை கிடைத்தது. பழைய முறையைப் புதிய இயந்திரத்துக்குக் கொண்டு வந்தார் மெக்னர்.

நிரம்பி வழிந்த பெட்டி

மெக்னர் வேலை செய்தது 'ஆப்பிள் டூ' வகைக் கம்ப்யூட்டரில். அந்த வகை முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1977-ல். இவருடைய விளையாட்டுக்கு இருந்த நினைவகம் 128 கிலோபைட். அதில் ஏறக்குறைய 1,31,000 ஆங்கில எழுத்துகளைச் சேமிக்கலாம். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு பெரியது!

இந்தச் சின்னப் பெட்டிக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அரண்மனை, பொறிகள், இசை, கணக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக இளவரசனின் அசைவுப் படங்கள். அசைவு அழகாக இருக்க வேண்டுமானால் படங்கள் அதிகம் வேண்டும். படங்கள் அதிகமானால் இடம் போய்விடும். அழகு வந்தது, இடம் தீர்ந்தது.

மெக்னர் முதலில் சண்டைக் காட்சியே வைக்கவில்லை. ஆனால், உடன் பணிபுரிந்த தோழி டோமி பியர்ஸ் விடவில்லை. விளையாட்டில் ஏதோ குறைகிறது, மோதுவதற்கு ஓர் எதிரி வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெக்னரின் பதில் ஒன்றுதான்: "இடம் இல்லை." உண்மைதான். எதிரி வந்தால் அவனும் ஓட வேண்டும், தாண்ட வேண்டும், வாள் வீச வேண்டும். அத்தனைக்கும் தனிப் படங்கள் வேண்டுமே!

நிழல் பிறந்தது

அப்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. புதுப் படங்கள் எதற்கு? இளவரசனின் படங்களையே எதிரிக்கும் கொடுத்தால் என்ன?

ஆனால், இருவரும் ஒரே மாதிரி இருந்தால் யார் யாரென்று தெரியாதே. அதற்கும் ஒரு வழி இருந்தது. இளவரசனின் படத்தை எடுத்து, ஒரே ஒரு புள்ளி அளவு தள்ளி, அதே படத்தின் மேல் வைக்கச் சொன்னார். இரண்டு படத்திலும் ஒளி உள்ள இடம் அணைந்துவிடும். ஒன்றில் மட்டும் ஒளி உள்ள இடம் மின்னும். அவ்வளவுதான்! உடம்பின் நடுப்பகுதி மறைந்து, ஓரங்கள் மட்டும் மினுமினுக்கும் ஆவி போன்ற உருவம் திரையில் நின்றது. அதற்கென்று ஒரு படம்கூடச் சேமிக்க வேண்டியிருக்கவில்லை.

விளையாட்டில் இளவரசனின் வழியை ஒரு மாயக் கண்ணாடி மறிக்கும். அவன் ஓடி வந்து அதற்குள் பாய்வான். அந்தக் கணமே மறுபக்கத்திலிருந்து அவனுடைய நிழல் குதித்து ஓடும். அதன் பிறகு நிழல் சும்மா இருக்காது. இளவரசனுக்கு வேண்டிய மருந்தைக் குடித்துவிடும். அவன் தாண்டி வரும் நேரம் பார்த்துக் கதவை மூடிவிடும்.

நிழலைக் கண்டு உற்சாகமடைந்த மெக்னர், நிரலை இறுக்கிச் சுருக்கி இடம் தேடினார். வாள் ஏந்திய காவலர்களையும் சேர்த்தார். வாள் வீச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, 1938-ல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்தின் சண்டைக் காட்சி உதவியது.

வாளை உறையில் போடு!

முடிவு நெருங்கும்போது இளவரசனும் நிழலும் வாளோடு நேருக்கு நேர் நிற்பார்கள். விளையாடும் பிள்ளைகள் வேகமாக வெட்டுவார்கள். ஆனால் என்ன இது? நிழலுக்கு ஒரு வெட்டு விழுந்தால், இளவரசனின் உயிரும் ஓர் அளவு குறைகிறது! நிழலைக் கொன்றால் அவனும் இறந்து விழுகிறான்.

பலர் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். விடை என்ன தெரியுமா? வாளை உறையில் போட வேண்டும். நிழலும் தன் வாளைப் போட்டுவிடும். பிறகு பயப்படாமல் அதை நோக்கி நடக்க வேண்டும். இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதன் பிறகு இன்னோர் அதிசயம். தரையே இல்லாத இடத்தில் இளவரசன் காலடி வைக்க வைக்க, அவன் காலுக்குக் கீழே தரை முளைக்கும்!

அலமாரியில் கிடந்த புதையல்

நான்கு ஆண்டு உழைப்புக்குப் பிறகு வெளியான விளையாட்டு, முதலில் சரியாக விற்கவில்லை. ஆப்பிள் டூ கம்ப்யூட்டர்களுக்கு அப்போது மவுசு குறைந்திருந்தது. மற்ற வகைக் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றி எழுதிய பிறகே அது உலகமெங்கும் பரவியது. 2010-ல் சினிமாவாகவும் வந்தது.

ஆனால், மெக்னர் தன் கையால் எழுதிய மூல நிரல் காணாமல் போயிருந்தது. பல ஆண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. 2012-ல் அவருடைய அப்பா, வீட்டு அலமாரியில் இருந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்து அனுப்பி வைத்தார். இந்த விளையாட்டுக்கு இசையமைத்தவரும் அந்த அப்பாதான். பெட்டிக்குள் பழைய பிளாப்பி வட்டுகள்! காந்தப் பூச்சில் பதிந்த தகவல் நாளாக ஆக அழியக்கூடியது. பழைய கம்ப்யூட்டர்களைப் போற்றிப் பாதுகாக்கும் வல்லுநர்கள் உதவிக்கு வந்தார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் தூங்கிய நிரலை, ஒன்றும் சிதையாமல் படித்தெடுத்தார்கள். மெக்னர் அதைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்று இணையத்தில் வெளியிட்டுவிட்டார்.

நீங்களும் நிழல் செய்யலாம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். கை, கால், உடம்பு எல்லாம் மூன்று நான்கு கட்டம் அகலம் இருக்கும்படி ஒரு மனிதனை வரையுங்கள். அவன் இருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது அதே மனிதன் வலது பக்கம் ஒரு கட்டம் நகர்ந்ததாக நினைத்து, அவன் இருக்கும் கட்டங்களில் பெருக்கல் குறி போடுங்கள். புள்ளியும் குறியும் சேர்ந்த கட்டத்தை விட்டுவிடுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் உள்ள கட்டத்துக்கு வண்ணம் தீட்டுங்கள்.

நோட்டைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். நிழல் மனிதன் உங்களைப் பார்த்து நிற்பான்!

வரைவதற்குப் பெரிய தாள் இல்லையே, வண்ணப் பெட்டியில் பாதி நிறம் இல்லையே என்று அடுத்த முறை வருத்தம் வந்தால், இவனை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பதையே ஒரு கட்டம் தள்ளி வைத்துப் பார்க்கலாம், இல்லையா?