நீர்த்தெள்ளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

வண்ணமீன் கடைகளில் மீனுணவாக டாஃப்னியா என்ற சிற்றுயிரியை விற்பதைப் பார்த்திருப்பீர்கள். குண்டூசித் தலையளவேயுள்ள இந்த நீர்த்தெள்ளு, இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. ஏரியில் இது பகலில் ஆழத்துக்கு இறங்குகிறது. இரவில் மேலே வருகிறது.

மேலே பாசியும் வெதுவெதுப்பும் உண்டு. கீழே குளிர், உணவும் குறைவு. பின் ஏன் இறங்க வேண்டும்? மீனுக்கு அஞ்சித்தான். கண்ணால் கண்டு இரை பிடிக்கும் மீனுக்கு வெளிச்சம் வேண்டும். நீரிலோ ஒவ்வொரு மீட்டருக்கும் ஒளி ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது. முதல் மீட்டரில் பாதியானால், ஐந்தாவது மீட்டரில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கூட்டுவட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டதுபோல!

மீன் இருப்பதைத் தெள்ளு எப்படி அறிகிறது? நீரில் கரைந்த வாசனையால். கெண்டை இனமீன்கள் வெளிவிடும் ஒரு பித்த உப்பே அந்த அடையாளம் என 2019-இல் கண்டறிந்தார்கள். கொழுப்பைச் செரிக்க மீனுக்கு அது அவசியம், விடாமலிருக்க முடியாது.

இதைக் கற்றல் என்று சொல்லலாமா? ஆய்வுக்கூடத்தில் மீனையே காணாமல் வளர்ந்த தெள்ளும் இந்த வாசனை பட்டால் இறங்குகிறதே! இங்கே பாடம் படித்தது பரம்பரை. பெல்ஜியத்தின் ஊட் ஹெவர்லே குளத்தில், சேற்றடுக்குகளில் உறங்கிக் கிடந்த பழைய முட்டைகளைப் பொரிக்கவைத்துப் பார்த்தார்கள். முடிவு 2001-இல் வெளிவந்தது. குளத்தில் மீன்வளர்ப்பு கூடியும் குறைந்தும் வந்ததற்கேற்ப, அந்தந்தக் காலத்துத் தெள்ளுகளின் ஒளிவிலக்கமும் மாறியிருந்தது. மேலேயே தங்கியவை மீனுக்கு இரையாயின; இறங்கியவை சந்ததி விட்டன. சில பத்தாண்டுகளே இதற்குப் போதுமாயிருந்தன என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு.

தன் வாழ்நாளிலேயே கற்கும் உறவினரும் உண்டு. ஆற்றுக் கற்களுக்கடியில் பதுங்கும் கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கிறாலுக்குத் தங்கமீனின் வாசனை புதிது, பொருட்படுத்தாது. ஆனால் நசுங்கிய தன் இனத்தின் வாசனையோடு சேர்த்து அதைக் காட்டினால், பின்பு தங்கமீன் வாசனை மட்டும் வந்தாலும் மேய்வதை நிறுத்தி அடங்கிவிடுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹேஸ்லெட்டும் இத்தாலிய ஆய்வாளர்களும் 2002-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். ஐரோப்பாவில் புகுந்த அமெரிக்கச் செஞ்சிங்கிறால், அங்கேயே பிறந்த வெண்கால் இனத்தைவிட இந்தப் பாடத்தை நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது. வெண்கால் இனம் அருகி வருவதற்கு அமெரிக்க இனங்கள் சுமந்து வந்த கொள்ளைநோயும் பெருங்காரணம். நோய்க்குத் தப்பியவையும் புதிய இடத்தின் ஆபத்தை விரைவில் மறக்காத போட்டியாளனோடு அதே கல்லிடுக்குக்காகப் போராட வேண்டியிருக்கிறது.